வடிகட்டியா, பரணா? சம்பில் குடியேறிய கண்ணாடிச் சாமந்திகள்

கேள்வி இதுதான்: இருநூறு லிட்டர் கடல்நீர்த் தொட்டி. மேலே மீன்களும் சில பவளங்களும். நாளொன்றுக்கு ஒரு கிராம் அளவுக்கு உலர் உணவு போடுகிறீர்கள். கீழே சம்ப், அதாவது நீரை வடிகட்டி மேலே அனுப்பும் துணைத்தொட்டி. அதன் ஓர் அறையில் ஆய்ப்டேசியா என்னும் கண்ணாடிச் சாமந்தி, பூப்போலத் தெரியும் கொட்டும் கடல் விலங்கு, மண்டிவிட்டது. சோம்பலால் அதை அப்படியே விட்டுவிட்டீர்கள். உணவும் கழிவும் சிதைந்து நீரில் சேரும் நைட்ரேட், மூன்று மாதத்தில் லிட்டருக்கு 25 மில்லிகிராமிலிருந்து 10-க்கு இறங்கியிருக்கிறது. எல்லாரும் களை என்று திட்டுகிற இந்தக் கடல் சாமந்தியையே இயற்கை வடிகட்டியாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறீர்கள்.

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை தெரியும். உங்கள் ஓணான் ஏற்கெனவே மடியில்தான் இருக்கிறது. அதற்கு ஒரு வேலை கொடுக்கலாமா என்பதுதான் கேள்வி. கேலிக்குரிய கேள்வி இல்லை. நானும் ஒரு காலத்தில் சம்பில் இதை வேண்டுமென்றே வளர்த்துப் பார்த்தவன். ஆனாலும் பவளம் இருக்கும் தொட்டிக்கு என் பதில் ‘வேண்டாம்’ என்பதே. கொட்டும், பரவும் என்று வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் எனக்கு இரண்டாம்பட்சம். முதல் காரணம் கணக்கில் இருக்கிறது.

நீங்கள் போடும் ஒரு கிராம் உணவில் 45 சதவீதம் புரதம் என்று வைத்துக்கொள்வோம். புரதத்தின் எடையில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன். ஆக, தினமும் 72 மில்லிகிராம் நைட்ரஜன் தொட்டிக்குள் விழுகிறது. அது முழுவதும் நைட்ரேட்டாக மாறினால் ஏறத்தாழ 320 மில்லிகிராம். இருநூறு லிட்டரில் அது லிட்டருக்கு 1.6 மில்லிகிராம். எதுவுமே வெளியேறாவிட்டால் ஒரு மாதத்தில் 48 ஏறும். உண்மையில் அவ்வளவு ஏறுவதில்லை. கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மர் கொஞ்சம் எடுத்துப்போகிறது, மீன்களின் உடல் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறது, பாறையின் ஆழத்தில் ஆக்சிஜன் இல்லாத இடுக்குகளில் வாழும் பாக்டீரியாக்கள் கொஞ்சத்தை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியே விடுகின்றன, நீர் மாற்றும்போது இன்னும் கொஞ்சம் போகிறது.

இந்த வழிகளில் நைட்ரஜன் பெட்டியை விட்டு வெளியேறுகிறது. அல்லது, மீன் விஷயத்தில், நமக்குத் தேவையான உயிராக மாறுகிறது. சாமந்தி செய்வது வேறு. மிதந்துவரும் உணவுத்துணுக்கை, ஆர்ட்டீமியா, கோப்பிபாட் போன்ற மிகச்சிறு நீருயிர்களை உணர்நீட்சியால் பிடித்து விழுங்குகிறது. அதில் ஒரு பகுதி அதன் உடலாகிறது, செரிக்காத மிச்சம் வாய் வழியாகவே திரும்ப வெளியே வருகிறது. இவை எல்லாம் பெட்டிக்குள்ளேயேதான் நடக்கின்றன. கூடத்தில் இறைந்து கிடந்த சாமான்களைப் பரணில் ஏற்றினால் கூடம் சுத்தமாகத் தெரியும். வீட்டில் சாமான் குறைந்திருக்காது.

அப்படியானால் நைட்ரேட் எப்படி இறங்கியது? இங்கே கண்ணாடிச் சாமந்திக்குச் சேர வேண்டிய நியாயத்தையும் சொல்ல வேண்டும். அதன் திசுக்களுக்குள் ஒருசெல் பாசிகள் வாழ்கின்றன. பவளங்களுக்குள் வாழும் பாசிகளின் நெருங்கிய உறவு அவை. இந்த உறவுக்காகத்தான் உலகெங்கும் பவள ஆய்வாளர்கள் ஆய்ப்டேசியாவைப் பரிசோதனை விலங்காக வளர்க்கிறார்கள். 2015-இல் அதன் மரபணுத்தொகுதியும் வெளியானது. வெளிச்சத்தில் இருக்கும், பாசி நிறைந்த ஒரு சாமந்தி நீரிலிருந்து அம்மோனியத்தை உள்ளே இழுக்கிறது. பாசியை இழந்து வெளுத்த சாமந்தியோ மற்ற விலங்குகளைப்போல அம்மோனியத்தை நீரில் விடுகிறது. ஆகவே வெளிச்சமுள்ள அறையில் இருக்கும் உங்கள் சாமந்திக்கூட்டம் ஓரளவு உண்மையாகவே நீரைச் சுத்தம் செய்திருக்கிறது. நைட்ரேட்டைவிட அம்மோனியமே இப்பாசிகளுக்குப் பிடித்தது என்பதால், நைட்ரேட் ஆவதற்கு முன்பே கொஞ்சம் நைட்ரஜனை அவை தட்டிப் பறித்திருக்கலாம்.

ஆனால் அளவைப் பாருங்கள். 25-லிருந்து 10-க்கு இறங்கியது என்றால் இருநூறு லிட்டரில் 3,000 மில்லிகிராம் நைட்ரேட் குறைந்திருக்கிறது. அதில் உள்ள நைட்ரஜன் சுமார் 680 மில்லிகிராம். சாமந்தியின் ஈர எடையில் பத்தில் ஒரு பங்குதான் உலர் எடை, அதில் பாதி புரதம் என்று தோராயமாக எடுத்துக்கொண்டால், ஒரு கிராம் ஈரச் சாமந்தியில் 8 மில்லிகிராம் நைட்ரஜன் இருக்கும். 680-ஐ எட்டால் வகுத்தால் 85 கிராம். உங்கள் சம்ப் அறையில் உள்ளதையெல்லாம் வழித்து எடைபோட்டு எண்பது, தொண்ணூறு கிராம் தேறினால், அந்த வீழ்ச்சிக்கான கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. நைட்ரேட் எங்கும் போய்விடவில்லை. சாமந்தியாக உருமாறி அறையில் உட்கார்ந்திருக்கிறது.

கூட்டம் பெருகிக்கொண்டிருக்கும்வரை இந்தக் கணக்கு உங்களுக்குச் சாதகம். அறைச்சுவரில் இடம் தீர்ந்துபோனால் பெருக்கம் நிற்கும். அதன்பின் தின்பதும் கழிப்பதும் சமமாகிவிடும். மூன்று மாத எண்களை மட்டும் பார்த்து முடிவெடுத்தவர்கள் ஏமாறும் இடம் இதுதான். ஏழாவது, எட்டாவது மாதத்தில் நைட்ரேட் மறுபடி ஏறத் தொடங்கும்போது, அவர்கள் பழியைப் புதிதாக வாங்கிய மீன்மேல் போடுவார்கள்.

பாசிக்கும் இதே விதிதான். சாமந்திக்கு மட்டும் ஓரவஞ்சனை செய்வதாக நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் இருந்த வால்டர் ஏடி பாசித்திரை வடிகட்டியை உருவாக்கியபோது, அதன் உயிர்நாடி பாசியில் இல்லை, அதை அடிக்கடி சுரண்டி எடுத்து வெளியே போடுவதில்தான் இருந்தது. சுரண்டாத பாசித்திரை சில வாரங்களில் அழுகிப் பிடித்ததையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிடும். ரெஃபியூஜியம் எனப்படும் பாசி அறையில் கீட்டோமார்ஃபா என்ற பாசியை வளர்ப்பவரும் மாதம் ஒருமுறை பாதிப் பந்தைப் பிய்த்து எறிகிறார். இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும்: எடைக்கு எடை பார்த்தால் பாசியைவிடச் சாமந்தியின் உடலில் நைட்ரஜன் அதிகம். ஒரு கைப்பிடிச் சாமந்தியை அப்புறப்படுத்துவது ஒரு கைப்பிடிப் பாசியை அப்புறப்படுத்துவதைவிட மேலான அறுவடை. தாளில் மட்டும்.

நேரில் என்ன நடக்கிறது? கீட்டோமார்ஃபா சிக்கலான நூல்பந்து. கையை விட்டு அள்ளினால் வந்துவிடும். கண்ணாடிச் சாமந்தியைத் தொட்டால் அது ஒரு பட்டாணி அளவுக்குச் சுருங்கித் துளைக்குள் போய்விடும். உடலின் பக்கவாட்டுத் துளைகள் வழியே கொட்டும் செல்கள் நிறைந்த வெள்ளை நூல்களை வெளியே தள்ளும். பிளேடால் சுரண்டினால் அடித்தட்டின் ஓரம் கிழிந்து பாறையில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்த ஓரத்துணுக்கு ஓரிரு வாரத்தில் வாயும் உணர்நீட்சியும் முளைத்த முழுச் சாமந்தியாகிவிடும். நீங்கள் கிழிக்காவிட்டாலும் அது தானே கிழித்துக்கொள்ளும்: மெல்ல நகரும்போது அடித்தட்டின் சிறு துண்டுகளை வழியில் விட்டுவிட்டுப் போவது அதன் இயல்பான இனப்பெருக்க முறைகளில் ஒன்று. இப்படிப்பட்ட பயிரை நீருக்குள்ளேயே அறுவடை செய்வதும் விதைப்பதும் ஒரே செயல்.

நான் செய்த தவறு அதுதான். சம்ப் அறையின் சுவரிலேயே வளரவிட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு பழைய அட்டையால் சுரண்டி வலையில் பிடித்தேன். பிடித்தது பெரும்பகுதி. பிடிபடாத சிறுபகுதி ரிட்டர்ன் பம்பு வழியாக மேல் தொட்டிக்குப் போனது. பம்பு அவற்றைக் கொன்றிருக்கும் என்று நினைத்தேன். நறுக்கித்தான் அனுப்பியிருக்கிறது. இரண்டாவது மாதம் சோவாந்தி என்ற, பொத்தான்போன்ற பவள உறவினம் வளர்ந்த ஒரு தட்டுக்குள் முதல் ஒன்று தலைகாட்டியது. அதன்பின் எண்ணுவதை விட்டுவிட்டேன். நைட்ரேட் குறைந்திருந்தது உண்மை. அதைக் கொண்டாடும் மனநிலையில் நான் இல்லை.

பவளங்கள் அருகே இது வந்தால் என்ன ஆகும் என்பதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. கொட்டி, சுருங்கவைத்து, இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கடல் குதிரை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: வால் சுற்றிப் பிடிக்க இடம் தேடும் அந்த மீன் கண்ணாடிச் சாமந்தியையும் பிடித்துக்கொள்ளும். அது கொட்டிய புண்ணில் தொற்று ஏறினால் பிழைப்பது கடினம்.

‘பவளம் இல்லாத, மீன் மட்டும் உள்ள தொட்டியில் வைக்கலாமே’ என்பது அடுத்து வரும் வாதம். பாதி சரி. மறுபாதியைச் சொல்கிறேன். மீன் மட்டும் உள்ள தொட்டியில்தான் வெண்புள்ளி நோய்க்குத் தாமிர மருந்தை நேராக ஊற்றும் ஆசை எழும். முதுகெலும்பற்ற உயிர்களுக்குத் தாமிரம் நஞ்சு. மேலே போட்ட கணக்கை இப்போது திருப்பிப் போடுங்கள். 85 கிராம் சாமந்தி ஒரே நேரத்தில் செத்து அழுகினால், அது பூட்டி வைத்திருந்த 680 மில்லிகிராம் நைட்ரஜன் அம்மோனியாவாக அவிழும். இருநூறு லிட்டரில் லிட்டருக்கு மூன்று மில்லிகிராமுக்கு மேல். கடல்நீரின் காரத்தன்மையில் அம்மோனியா இன்னும் கடுமையானது. பாக்டீரியாக்கள் ஈடுகொடுப்பதற்குள் மீன் இருக்காது. ஹீட்டர் பழுதாகி நீர் 33, 34 டிகிரிக்குப் போனாலும் கூட்டம் வெளுத்துச் சரியத் தொடங்கும். பரணில் ஏற்றிய சாமான் ஒருநாள் மொத்தமாகத் தலையில் விழும் அபாயம் என்று இதைத்தான் சொல்கிறேன்.

இத்தனைக்குப் பிறகும் செய்து பார்த்தே தீருவேன் என்றால், குறைந்த சேதத்தோடு செய்யும் வழியைச் சொல்கிறேன். சாமந்தி அறையில் பாறையோ மணலோ இருக்கக் கூடாது. மெருகில்லாத செராமிக் வில்லைகளை வரிசையாக நிறுத்தி, அவற்றில் மட்டும் வளரவிடுங்கள். மேலே மிதமான விளக்கு கட்டாயம். இருட்டில் இவை சாகா, ஆனால் பாசியை இழந்து வெறும் வேட்டை விலங்காகிவிடும், அம்மோனியம் இழுக்கும் ஒரே நன்மையும் போய்விடும். நீரோட்டம் மெதுவாக இருக்கட்டும். அறுவடை நாளில் வில்லையை அப்படியே தூக்கித் தனி வாளிக்குக் கொண்டுபோய் அங்கே சுரண்டுங்கள். கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள். பெரும்பாலோருக்கு இதன் கொட்டு உறைக்காது. சிலருக்குத் தோல் தடிக்கும். கண்ணில் தெறித்தால் யாருக்குமே நல்லதில்லை. சுரண்டிய வில்லையை நன்னீரில் கழுவி முழுதாக உலரவிட்ட பிறகே திரும்ப வையுங்கள். அந்த வாளி நீர் தொட்டிக்குத் திரும்பக் கூடாது.

எவ்வளவு எடுக்க வேண்டும்? நீங்கள் போடும் உணவில் மூன்றில் ஒரு பங்கு நைட்ரஜனையாவது சாமந்தி வழியாக வெளியேற்ற வேண்டுமென்றால், தினம் 24 மில்லிகிராம், அதாவது 3 கிராம் ஈரச் சாமந்தி. மாதம் 90 கிராம். அதாவது, மூன்று மாதத்தில் நீங்கள் சேர்த்த கூட்டத்துக்குச் சமமானதை ஒவ்வொரு மாதமும் வழித்தெடுக்க வேண்டும். அந்த வேகத்தில் அது வளருமா என்பதே சந்தேகம். வளர வேண்டுமென்றால் அதற்குத் தனியாக உணவு போட வேண்டிவரும். வடிகட்டிக்குச் சோறு போடும் நிலை வந்துவிட்டால் அதை வடிகட்டி என்று எப்படி அழைப்பது? ஆய்வுக்கூடங்களில் இவற்றை ஆயிரக்கணக்கில் வளர்ப்பவர்கள் ஆர்ட்டீமியாக் குஞ்சுகளைக் கொடுத்துவிட்டுத் தொட்டியைத் துடைத்து நீரை மாற்றுகிறார்கள். சாமந்தி தன் நீரைத் தானே சுத்தமாக வைத்துக்கொள்ளும் என்றால் அந்த வேலையே தேவைப்பட்டிருக்காது.

அறையிலிருந்து வெளியேறும் நீர் ரிட்டர்ன் பம்புக்குப் போவதற்கு முன் 200 மைக்ரான் துணிப்பை ஒன்றைக் கடக்க வேண்டும். அடித்தட்டுத் துணுக்குகளில் பெரும்பாலானவை அதில் நின்றுவிடும். ஆனால் பையை மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் பையிலேயே குடியேறிவிடும். இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றப்படும் துணிப்பை, உணவுத்துணுக்குகளைக் கரைந்து அழுகுவதற்கு முன்பே பெட்டியை விட்டு வெளியே எடுத்துவிடுகிறது. சாமந்தி செய்யும் என்று நாம் எதிர்பார்த்த வேலையே அதுதான். சாமந்தியை எடுத்துவிட்டு வெறும் பையை மட்டும் வைத்தால் பலன் இன்னும் கூடும்.

மஜானோ என்ற இன்னொரு களைச் சாமந்தியையும் சிலர் இதே வேலைக்குப் பரிந்துரைக்கிறார்கள். குட்டையான, நுனி பருத்த, பச்சை கலந்த உணர்நீட்சிகள் கொண்டது; கோமாளி மீன் தங்கும் குமிழ்நுனிச் சாமந்தியின் குட்டி என்று நினைத்து ஆசையாக வளர்ப்பவர்களும் உண்டு. வெளிச்சத்தை அதிகம் நம்புவது, துணுக்குகளைக் குறைவாகப் பிடிப்பது. வடிகட்டியாக இதற்கு இன்னும் குறைந்த மதிப்பெண். பாறையிலிருந்து பெயர்ப்பதும் இன்னும் கடினம்.

அடையாளம் பற்றிப் பேசும்போதே ஓர் எச்சரிக்கை. களை என்று நினைத்துச் சுரண்டும் பழுப்புநிறப் பொத்தான்கள் சில நேரம் பாலிதோவா என்ற பவள உறவினமாக இருக்கும். அவற்றில் சிலவற்றில் உள்ள பாலிடாக்சின் மிகக் கொடிய நஞ்சு. எந்தப் பாறையையும் வெந்நீரில் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்யாதீர்கள். அந்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போன நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன.

இந்த ஏற்பாடு முழுமையாக அர்த்தப்படும் ஓர் இடம் எனக்குத் தெரியும். பெர்கியா என்ற ஓடில்லாக் கடல் நத்தையை வளர்ப்பவர்களின் இடம். இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளம், முதுகெங்கும் மெல்லிய விரல்கள்போன்ற நீட்சிகள், தின்பது ஆய்ப்டேசியாவை மட்டும். வேறெதுவும் கொடுத்தால் பட்டினி கிடந்து சாகும், மஜானோவைக்கூடத் தொடாது. பெர்கியா வளர்ப்பவருக்குக் கண்ணாடிச் சாமந்தி தீவனப்பயிர். தொட்டியின் உபரி ஊட்டத்தில் வில்லை வில்லையாக வளர்த்து, வாரம் ஒரு வில்லையை நத்தைப் பெட்டிக்கு மாற்றுகிறார். அந்த நைட்ரஜன் தொட்டியை விட்டு வெளியேறிவிட்டது. வெளியேற்றும் வேலைக்கு அவருக்கு ஒரு காரணமும் இருக்கிறது. அறுவடையை மறந்தால் நத்தை சாகும் என்பதால் மறக்கமாட்டார். நம்மைப் போன்றவர்கள் வில்லையை மாதக்கணக்கில் மறந்துவிடுவோம்.

உங்கள் தொட்டிக்கு வருகிறேன். இன்றைக்கே எல்லாவற்றையும் ஒழிக்கப் புறப்பட வேண்டாம். சுண்ணாம்புக் கரைசலை ஊசியால் ஏற்றி அறை முழுவதையும் ஒரே நாளில் கொன்றால், மேலே சொன்ன அம்மோனியா வெள்ளத்தை நீங்களே வரவழைத்துக்கொள்வீர்கள். முதலில் ரிட்டர்ன் பம்புக்கு முன்னால் துணிப்பையைக் கட்டுங்கள். பிறகு சம்பில் இருக்கும் சாமந்தி படிந்த கற்களையும் தடுப்புப் பலகைகளையும், வாரத்துக்கு ஆறில் ஒரு பங்கு என்ற கணக்கில், நீருக்கு வெளியே எடுத்து உலர்த்துங்கள். காலியாகும் இடத்தில் கீட்டோமார்ஃபாவை வைத்து விளக்கை இரவு நேரத்துக்கு மாற்றுங்கள். வாரம் ஒருமுறை நைட்ரேட்டையும், எடுத்தெறிந்த சாமந்தியின் எடையையும் ஒரே தாளில் குறித்துவாருங்கள். நான் போட்ட தோராயக் கணக்கு எவ்வளவு தூரம் சரி என்பதை அந்தத் தாள் சொல்லும்.

மேல் தொட்டியில் ஏற்கெனவே ஒன்றிரண்டு ஏறியிருந்தால், சம்ப் காலியாகும்வரை பொறுத்து, ஆய்ப்டேசியாவைத் தின்னும் பெப்பர்மின்ட் இறால்களை விடுங்கள். சில இறால்கள் சாமந்தியைத் திரும்பிக்கூடப் பார்க்காது, அது உங்கள் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. பெர்கியா கிடைத்தால் அதைவிட நல்லது. இறால் இருக்கும் தொட்டியில் மட்டும் விடாதீர்கள், இறால் நத்தையைத் தின்றுவிடும். கடைசி ஒரு கல்லைச் சாமந்தியோடு தனி ஜாடியில் வைத்திருங்கள். நத்தைகள் தொட்டியில் வேலையை முடித்ததும் பசியோடு நிற்கும்.